ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: அரிய பொருளைத் துரத்தணுமா, காசைச் சேர்க்கணுமா?

#1 மண்குதிரை
இந்த ஆன்லைன் சாகச ஆட்டத்தை மொபைல்ல ஆடுறேன். இலவசக் கணக்குதான். மேஜிக் (மந்திரம்) லெவல் 48, ஸ்மிதிங் (உலோக வேலை) 32, கையில 1,20,000 காசு. ஒருத்தர் "1/512 மாதிரி அரிய ட்ராப் (செத்தா போடுற பொருள்) இருக்கிற மான்ஸ்டரா பார்த்து அடி, ஒண்ணு விழுந்தாலே போதும்"ங்கிறார். இன்னொருத்தர் "கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்ல (ஜி.இ., ஆட்டத்துக்குள்ள இருக்கிற சந்தை) உக்காந்து வாங்கி வித்தா போதும், கத்தியே தொட வேணாம்"ங்கிறார். எதை நம்புறது? 512 தடவை கொன்னா ஒண்ணு கண்டிப்பா வந்துடும்தானே? ஆட்டக் காசுக்கு பாண்ட் (கட்டண மெம்பர்ஷிப் தர்ற சீட்டு) வாங்கி மெம்பர் ஆகணும்னா எந்த வழி?

#2 கணக்குப்பிள்ளை
முதல்ல அந்த 512. கண்டிப்பா வராது.

ஒவ்வொரு கொலையும் தனிச் சீட்டு. முன்னாடி 511 தடவை வெறும் எலும்பு விழுந்ததை ஆட்டம் ஞாபகம் வச்சுக்காது. 512 கொலை முடிஞ்சும் கைக்கு ஒண்ணும் வராம நிற்கிறவங்க 100-க்கு கிட்டத்தட்ட 37 பேர். 1,024 ஆனாலும் வராதவங்க 13 அல்லது 14 பேர். 1,536-க்குப் பிறகும் 5 பேர் மிச்சம். இன்னொரு பக்கம், பாதிப் பேருக்கு 355-க்குள்ளயே விழுந்துடும். அவங்க படம் பிடிச்சுப் போடுறாங்க, மத்தவங்க வாயைத் திறக்கிறதில்லை. அதனாலதான் வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாருக்கும் சீக்கிரம் விழுற மாதிரி தெரியுது.

எத்தனாவது கொலையில வரும்னு கேக்காதீங்க. ஒரு கொலைக்குச் சராசரியா எவ்வளவு தேறும்னு கேளுங்க. 1/512-க்குப் பேர் போனது அபிஸல் டீமன்ங்கிற மான்ஸ்டர் போடுற அபிஸல் விப் (சாட்டை ஆயுதம்). விலையை ஒரு பேச்சுக்கு 15,00,000-னு வச்சுக்குவோம். விற்கிறப்போ 2% வரி 30,000 போயிடும். மிச்சம் 14,70,000. அதை 512-ஆல வகுத்தா கொலைக்கு 2,871 காசு. மணிக்கு 150 அடிச்சா விப் பங்கு மட்டும் 4,30,000 சொச்சம். இதுல சாப்பாடு, போஷன் (மருந்து), ரூன் (மந்திரக் கல்) செலவைக் கழிச்சு, மத்த சில்லறை ட்ராப்பைக் கூட்டினா வர்றதுதான் உண்மையான மணிக்கூலி. எந்த மான்ஸ்டரா இருந்தாலும் இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாம இறங்காதீங்க.

உங்களுக்கு இது இப்போதைக்கு ஏட்டுச் சுரைக்காய். அபிஸல் டீமனை அடிக்க ஸ்லேயர் (மான்ஸ்டர் வேட்டைத் திறமை) 85 வேணும், ஸ்லேயரே மெம்பருக்கு மட்டும்தான்.

#3 மண்குதிரை
சரி. ஆனா அரிதா இருந்தா விலை கூடத்தானே இருக்கும்?

#4 இரும்புக்கடை
அங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. ஷீல்டு லெஃப்ட் ஹாஃப்னு பாதிக் கேடயம் ஒண்ணு இருக்கு. மெகா-ரேர் பட்டியல்ல (பல மான்ஸ்டருக்கும் பொதுவான மிக அரிய ட்ராப்) வர்ற பொருள். ஒரு மான்ஸ்டரை மட்டும் பிடிச்சு அடிச்சுக்கிட்டிருந்தா விப்பை விடப் பல மடங்கு அபூர்வம். ஹை ஆல்க் (பொருளைக் காசாக்கும் மந்திரம்) பண்ணினா 66,000 காசு. சந்தை விலையும் அதை ஒட்டியேதான் நடமாடுது. ஏன்னா அதை வச்சு செய்யுற டிராகன் ஸ்கொயர் ஷீல்டை இன்னைக்கு யாரும் சீந்துறதில்லை. டிராகன் மெட் ஹெல்மும் அதே கதி: ஆல்க் மதிப்பு 60,000, சந்தையும் அங்கேயேதான் சுத்துது.

இப்ப ரணார்ங்கிற மூலிகை இலையைப் பாருங்க. எல்லாத் தோட்டத்துலயும் விளையுது. ஆனா ஸ்னேப் கிராஸோட சேர்த்தா பிரேயர் போஷன், பாஸ் (பெரிய மான்ஸ்டர்) அடிக்கிற ஒவ்வொருத்தரும் ராத்திரி பகலா குடிச்சுத் தீர்க்கிறாங்க. அதனால விலை அவ்வளவு சுலபமா விழுறதில்லை. எத்தனை உள்ள வருதுன்னு மட்டும் பார்த்தா பத்தாது, எத்தனை தீர்ந்து வெளிய போகுதுன்னும் பார்க்கணும்.

விப்பே நல்ல உதாரணம். ஸ்லேயர் வந்த 2005-லிருந்து இருக்கிற ஆயுதம். ஓல்டு ஸ்கூல் திறந்த 2013-லிருந்து மட்டும் எண்ணினாலும் மலை மாதிரி குவிஞ்சிருக்கணும். ஆனா கிராக்கன் டென்டக்கிளோட அதைச் சேர்த்து அபிஸல் டென்டக்கிள் செய்றாங்க. அது 10,000 அடியில தேய்ஞ்சு போகும். தேய்ஞ்சதும் டென்டக்கிள் மட்டும் திரும்பி வரும், உள்ள போன விப் போனதுதான். அந்த ஒரு ஓட்டை இருக்கிறதாலதான் விப்புக்கு இன்னும் மவுசு.

#5 கோட்டைவாசல்
இதோட பழைய ரூன்ஸ்கேப்போட பார்ட்டி ஹேட்டையும் சேர்த்துக்கலாம். 2001 கிறிஸ்துமஸ்ல பட்டாசு இழுத்தா வந்த காகிதத் தொப்பி. அணிஞ்சா ஒரு பயனும் கிடையாது. அதுக்கப்புறம் பல வருஷம் விடவே இல்லை. கணக்கை மறந்தவங்க, ஆட்டத்தை விட்டவங்க பெட்டியில போனது போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் சந்தை. உள்ள வர்ற வாசல் பூட்டியாச்சு, வெளிய போற வாசல் திறந்தே கிடக்குது. ஓல்டு ஸ்கூல் 2013-ல திறந்தப்போ 2007 ஆகஸ்ட் பிரதியை எடுத்தாங்களே தவிர யாரோட பெட்டியையும் கொண்டு வரலை, எல்லாரும் லெவல் 3-ல இருந்துதான் தொடங்கினாங்க. அதனால அந்தப் பழைய தொப்பி எதுவும் இங்க வரலை. மற்ற ஆட்டத்துக்கான ஆலோசனையைப் படிச்சுட்டு இங்க வந்து "ரேர்ஸ் வாங்கிப் போடு"ன்னு யாராவது சொன்னா காதில் வாங்காதீங்க.

மண்குதிரை, உங்க நிலைமைக்கு ஹை ஆல்க் பாதைதான் நேர் வழி. மேஜிக் 55 வேணும். ஒரு தடவைக்கு 1 நேச்சர் ரூன், 5 ஃபயர் ரூன். ஸ்டாஃப் ஆஃப் ஃபயர் கையில இருந்தா ஃபயர் ரூன் செலவில்லை. பொருளோட அடிப்படை மதிப்புல 60% காசாக் கிடைக்கும். 21-ல வர்ற லோ ஆல்க் 40% மட்டும்தான், அதுக்கு நேச்சர் ரூனை வீணாக்காதீங்க.

ஒரு ஆல்க்குக்கு 5 டிக் (ஆட்டத்தோட நேர அலகு), டிக் 0.6 நொடி, ஆக 3 நொடி. மணிக்கு 1,200 தடவை, ஒவ்வொண்ணுக்கும் 65 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). சென்னையில இருந்து லண்டன் சர்வருக்குப் பிங் எகிறினாலும் இதுல ஒண்ணும் பாதிக்காது. சண்டையிலதான் அடி வாங்குவீங்க.

இலவசக் கணக்குல ஆல்க் பண்ண ஏத்ததும் அதோட ஆல்க் மதிப்பும்:

ரூன் பிளேட்பாடி (ரூன் உலோக மார்புக்கவசம்): 39,000
ரூன் பிளேட்லெக்ஸ், பிளேட்ஸ்கர்ட், 2ஹெச் வாள்: தலா 38,400
ரூன் கைட்ஷீல்டு: 32,640
ரூன் ஃபுல் ஹெல்ம்: 21,120
ரூன் மெட் ஹெல்ம்: 11,520
அடமன்ட் பிளேட்பாடி: 9,984
பச்சை டி'ஹைட் பாடி (டிராகன் தோல் மார்புக்கவசம்): 4,680

வாங்குற விலை + நேச்சர் ரூன் விலை, இந்த எண்ணைவிடக் கம்மியா இருந்தா லாபம். அவ்வளவுதான் விஷயம்.

#6 மண்குதிரை
அப்போ 1,200 பிளேட்பாடி வாங்கி ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாமா? ஒண்ணுக்கு 300 லாபம்னாலும் 3,60,000 ஆச்சே!

#7 கணக்குப்பிள்ளை
முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் 4 மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம்னு வரம்பு இருக்கு. ரூன் பிளேட்பாடிக்கு 70. அந்த 70-ஐ ஆல்க் பண்ண 210 நொடி, மூன்றரை நிமிஷம். அதுல 300 லாபம்னா 21,000. அப்புறம் நாலு மணி நேரம் காத்திருக்கணும். ஒரு மணி நேரம் முழுசா ஆல்க் அடிக்கணும்னா 70 வரம்புள்ள பொருள் 17 வகை வேணும். அடமன்ட் பிளேட்பாடி, பச்சை டி'ஹைட் பாடிக்கு வரம்பு 125. அதனாலதான் ஆல்க் பண்றவங்க ஒரு பட்டியலே வச்சுச் சுத்திச் சுத்தி வாங்குறாங்க.

உங்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. இலவசக் கணக்குல ஜி.இ.யில 3 இடம்தான், மெம்பருக்கு 8. ஒண்ணு நேச்சர் ரூனுக்குப் போயிடும்.

முதலீடும் பாருங்க. 1,20,000-க்கு பிளேட்பாடி மூணுதான் வரும். மூணை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? அடமன்ட் பிளேட்பாடி 9,700-க்குக் கிடைச்சா 12 வரும். டி'ஹைட் பாடி 4,500-ன்னா 20-க்கு மேல வரும், நேச்சர் ரூனுக்கும் கொஞ்சம் கையில நிற்கும். சின்னதுல ஆரம்பிச்சு, பணம் பெருக்கப் பெருக்க ரூன் கவசப் பக்கம் போங்க. மொத்தக் காசையும் ஒரே பொருள்ல முடக்கினா, அது வாங்காம நிற்கிற நேரமெல்லாம் வெட்டி.

#8 கோட்டைவாசல்
55 வரைக்கும் எப்படிப் போறதுன்னு யாரும் சொல்லலையே. 48-ல 83,014 எக்ஸ்பி, 55-க்கு 1,66,636. இடைவெளி 83,622.

தாதுவை உருக்கும் மந்திரம் சூப்பர்ஹீட் ஐட்டம் 43-லேயே வந்துடும். தடவைக்கு 53 எக்ஸ்பி, 1 நேச்சர் ரூன், 4 ஃபயர் ரூன் (ஸ்டாஃப் இருந்தா ஃபயர் வேண்டாம்). ஸ்மிதிங் 30 உங்ககிட்ட இருக்கு, ஸ்டீல் பார் உருக்கலாம். பைக்கு 28 இடம்: நேச்சர் ரூனுக்கு 1, இரும்புத் தாது 9, நிலக்கரி 18. கணக்கா 28. ஒரு பை 9 ஸ்டீல். 1,578 தடவை போட்டா 55. பேங்க் பக்கத்துல நின்னு செய்யணும், மொத்தம் 176 பை.

இங்க தப்பு நடக்கிற இடம் ஒண்ணு: நிலக்கரியை ஒத்தைப்படையா எடுத்துட்டு வந்தா கடைசித் தாது ஸ்டீல் ஆகாது. தாதுவையும் கரியையும் 1:2-ஆ எண்ணி எடுங்க. லாபமா நஷ்டமான்னு இறங்கறதுக்கு முன்னாடி ஸ்டீல் பார் விலையிலிருந்து இரும்பு + 2 கரி + நேச்சர் ரூனைக் கழிச்சுப் பாருங்க. கொஞ்சம் நஷ்டம்னாலும் எக்ஸ்பி செலவுன்னு எழுதிக்கலாம். பெரிய நஷ்டம்னா ஒரு வாரம் பொறுங்க, பார் விலை ஏறி இறங்கும்.

#9 வடக்குவீதி
ஒண்டு கேக்கலாமோ? ட்ராப்பில ரூன் பிளேட்பாடி விழுந்தால் ஜி.இ.யில விக்கிறதோ, ஆல்க் அடிக்கிறதோ? எல்லாரும் உடனை வித்துப்போடினம்.

#10 கணக்குப்பிள்ளை
நல்ல கேள்வி. 2021 டிசம்பர்ல ஜி.இ. வரி 1%-ஆ வந்தது. 2025-ல 2% ஆக்கிட்டாங்க. விற்கிறவருக்கு மட்டும்தான். ஆல்க்குக்கு வரி கிடையாது.

சந்தை விலை 38,600-ன்னு வைங்க. வித்தா வரி 772 போய் 37,828. ஆல்க் அடிச்சா 39,000, நேச்சர் ரூனுக்கு 100 கழிச்சா 38,900. ஒரு பிளேட்பாடிக்கு 1,072 வித்தியாசம், 3 நொடி வேலைக்கு. மேஜிக் 55 உள்ளவர் ரூன் கவசத்தை ஜி.இ.யில தள்ளுறது சோம்பல்தான், வேற காரணமில்லை.

அந்தச் சோம்பல்தான் ஆல்க் வியாபாரிகளுக்குச் சோறு.

#11 மண்குதிரை
அந்த வாங்கி விற்கிற கதை? ஃபிளிப்பிங்?

#12 கோட்டைவாசல்
ஜி.இ. எப்படிச் சேர்க்குதுன்னு தெரிஞ்சா மிச்சம் தானா விளங்கும். யாரோட கோரிக்கை முதல்ல காத்திருந்ததோ அந்த விலையில வியாபாரம் முடியும். ஒருத்தர் 950-க்கு விற்க வச்சுக் காத்திருக்கார். நீங்க 1,100-க்கு வாங்கப் போடுறீங்க. உங்களுக்கு 950-க்கே கிடைச்சு 150 திரும்ப வரும்.

அதனால மார்ஜின் (வாங்கி விற்கிற விலை இடைவெளி) பார்க்க: ஒரே ஒரு பொருளை வழக்கமான விலையைவிட 5 முதல் 10% கூடப் போட்டு வாங்குங்க. எந்த விலைக்கு முடிஞ்சதோ அது மேல் விலை. அதே பொருளை ரொம்பக் குறைச்சுப் போட்டு வில்லுங்க, முடிஞ்ச விலை கீழ் விலை. கீழ் விலைக்கு 1 காசு மேல வாங்கப் போடணும், மேல் விலைக்கு 1 காசு கீழ விற்கப் போடணும்.

உதாரணம்: மேல் 1,050, கீழ் 1,010. 1,011-க்கு வாங்கி 1,049-க்கு வித்தா வரி 20, கையில 18 காசு. மேல் 1,020, கீழ் 1,005-னா? 1,006-க்கு வாங்கி 1,019-க்கு வித்தா வரி 20 போய் 7 காசு நஷ்டம். விலை வித்தியாசம் கண்ணுக்கு லாபமாத் தெரியும், வரி வந்து தின்னுடும். 2%-க்குக் குறைவான இடைவெளியைத் தொடவே வேணாம்.

#13 கணக்குப்பிள்ளை
கூடவே இதையும் எழுதி வச்சுக்கோங்க. வரியைப் பொருளுக்குப் பொருள் போட்டு, பைசாவைக் கீழ்நோக்கி வெட்டுறாங்க. 50-க்குக் கீழ விலையுள்ளதுக்கு வரி பூஜ்யம். 99-க்கு வித்தா 1, 100-க்கு வித்தா 2. அதாவது 100-ல விற்கிறவர் கைக்கு 98, 99-ல விற்கிறவர் கைக்கும் 98! விலையைக் குறைச்சதால உங்க பொருள் முதல்ல போகும், காசு ஒண்ணும் குறையாது. 50, 100, 150-ன்னு முழு எண்ணுல நிறுத்தாம ஒரு காசு கீழ நிறுத்துங்க. ரூன், அம்பு மாதிரி ஆயிரக்கணக்குல ஓடுறதுக்கு இது பெரிய விஷயம்.

உச்சத்துல ஒரு பொருளுக்கு வரி 50,00,000-க்கு மேல போகாது. உங்களுக்கும் எனக்கும் அது கவலையில்லை.

ஆட்டத்துக்குள்ள காட்டுற வழிகாட்டி விலையை நம்பாதீங்க. அது மெல்ல நகரும். ரூன்ஸ்கேப் விக்கியோட ரியல்-டைம் விலைப் பக்கத்துல கடைசியா எப்போ, எந்த விலைக்கு நடந்ததுன்னு இருக்கு. அங்க கடைசி வியாபாரம் ரெண்டு மணி நேரம் முன்னாடின்னா அந்த மார்ஜின் செத்த மார்ஜின். இடைவெளி பெரிசாத் தெரியுற பொருளெல்லாம் பெரும்பாலும் யாரும் வாங்காத பொருள்தான்.

#14 வடக்குவீதி
திடீரெண்டு ஒரு பொருள் அரை நாளில 30% ஏறினால் கிட்டப் போகாதையுங்கோ. கூட்டமாச் சேர்ந்து ஏத்தி, "இது ஏறப்போகுது" எண்டு சொல்லி, பிறகு உங்கட தலையில கட்டிறது. 4 மணி வரம்பு இருக்கிறதால ஒருத்தர் தனியச் செய்யேலாது, அதாலதான் கூட்டம் சேர்க்கினம். சேருறவைதான் கடைசியில விக்க ஆளில்லாமல் நிப்பினம்.

புதுக் கணக்கெண்டால் இன்னொண்டு: இலவசக் கணக்குக்கு 20 மணித்தியால விளையாட்டு, 10 குவெஸ்ட் (கதைப் பணி) புள்ளி, மொத்த லெவல் 100 வரும்வரை நேரடி வியாபாரத்திலயும் ஜி.இ.யிலயும் கட்டுப்பாடு இருக்கு. சில மூலப்பொருளை விக்க விடாது. பை நிறையச் சேர்த்துக்கொண்டு போய் நிண்டு முழிக்கவேண்டாம், முதல் குவெஸ்டுகளை முடியுங்கோ.

#15 மண்குதிரை
அது முடிஞ்சது, நன்றி. முதலீடு கூடணும்னா கையால செய்யற வேலை ஏதாவது?

#16 தோட்டக்காரன்
லம்பிரிட்ஜ் மாட்டுத்தோல். ஒவ்வொரு மாடும் ஒரு தோல் கட்டாயம் போடும், அதிர்ஷ்டம் எதுவும் தேவையில்லை. 28 சேர்ந்ததும் அல் கரீடு போய்ப் பதனிடலாம்: மெல்லிய தோலுக்கு 1 காசு, தடித்த தோலுக்கு 3 காசு. பேங்க் அங்கேயே பக்கத்துல. பச்சைத் தோல், மெல்லிய தோல், தடித்த தோல், மூணு விலையையும் பார்த்துட்டு எது கூடப் போகுதோ அப்படி வில்லுங்க. சில நாள் பதனிடாத தோலே அதிகம் போகும். வேலை அலுப்புதான்.

மெம்பர் ஆனதும் நான் சொல்றது ஹெர்ப் ரன் (மூலிகைத் தோட்டங்களைச் சுத்தி வந்து அறுக்கிறது). இங்க யாரும் அதைச் சரியா எழுதுறதில்லை, அதனால கொஞ்சம் நீளமா.

ஃபார்மிங் 32-ல ரணார். விதை விதைச்சா 20 நிமிஷத்துக்கு ஒரு படி, நாலு படி, 80 நிமிஷம். தோட்டங்கள்: ஃபாலடார் தெற்கு, கேதர்பி, ஆர்டூன் வடக்கு, போர்ட் ஃபாஸ்மாட்டிஸ் மேற்கு, ஹொசிடியஸ், பிறகு குவெஸ்ட் முடிச்சா ட்ரோல் ஸ்ட்ராங்ஹோல்டும் வீஸும். கடைசி ரெண்டுலயும் நோயே வராது. ஹொசிடியஸிலும் கூரெண்ட் டைரியோட (அந்தப் பகுதிப் பணிப் பட்டியல்) ஈஸி படியை முடிச்சா வராது.

எருவை மிச்சம் பிடிக்காதீங்க. எரு போடாம அறுத்தா குறைந்தபட்சம் 3 இலைதான் உறுதி. அல்ட்ராகம்போஸ்ட் போட்டா 6. நோய் வாய்ப்பும் பத்துல ஒண்ணாக் குறையும். சூப்பர்கம்போஸ்ட் வாளிக்கு 2 எரிமலைச் சாம்பல் போட்டாலே அல்ட்ரா ஆயிடும். மேஜிக் செகட்டர்ஸ் (மாயக் கத்தரி) கையில இருந்தா விளைச்சல் 10% கூடும். சும்மா பையில கிடந்தாலும் வேலை செய்யும்.

கணக்கு: தோட்டத்துக்குச் சராசரி 8 இலைன்னு வைங்க, 6 தோட்டம், 48 இலை. இதுல விதை 6, எரு 6 கழியணும். ஒரு தோட்டம் செத்தா அந்த விதையும் போச்சு, 8 இலையும் போச்சு. சுத்தி வர ஆறேழு நிமிஷம். அதனால "ஹெர்ப் ரன் மணிக்கு இத்தனை லட்சம்"னு யாராவது எழுதினா சிரிச்சுட்டுப் போங்க. 80 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த ஏழு நிமிஷம் கிடைக்கும். ஒரு நாளைக்கு எத்தனை சுத்து போறீங்களோ அதைப் பெருக்குங்க.

அறுத்ததும் இலையைச் சுத்தம் பண்ணிடாதீங்க. ஹெர்ப்லோர் (மருந்து செய்யுற திறமை) ஏத்துறவங்க அழுக்கு இலையை வாங்கிச் சுத்தம் பண்ணிச் சந்தையில கொட்டுறதால பல நாள் அழுக்கு இலைதான் விலை கூட. ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

#17 இரும்புக்கடை
ஐயன்மேன் கணக்குக்கு இந்த விலையெல்லாம் பொருளே இல்லை. வியாபாரம் கிடையாது, ஜி.இ. கிடையாது. அங்க அரிது என்றால் மணி நேரம்தான். விப் வேணுமா, ஸ்லேயர் 85 வரைக்கும் ஏறி நீயே அடி. சாதாரணக் கணக்குல ரணார் விதை விலை பத்தி யோசிப்பீங்க, இங்க விதை எங்க விழும்னு யோசிக்கணும். காசு சேர்க்கத் தெரிஞ்சுக்கணும்னு கேட்கிறவர் முதல் கணக்கை ஐயன்மேனா வைக்கவே கூடாது, அது வேற பாடம்.

#18 மண்குதிரை
வில்டர்னஸ்ல (ஆட்டக்காரங்க ஒருத்தரையொருத்தர் கொல்லக்கூடிய பகுதி) பச்சை டிராகன் அடிக்கலாம்னும் ஒரு வீடியோ பார்த்தேனே?

#19 கோட்டைவாசல்
மெம்பர் ஆனப்புறம். எலும்பும் தோலும் ஒவ்வொரு டிராகனும் கட்டாயம் போடும், அதனால வருமானம் நிலையா இருக்கும். ஆபத்து டிராகன் கிட்ட இருந்து இல்லை, மத்த ஆட்டக்காரங்ககிட்ட இருந்துதான். மண்டையோட்டுக் குறி (மத்தவங்களை முதல்ல தாக்கினா வர்றது) இல்லாம செத்தா விலை கூடின 3 பொருள் மட்டும் மிஞ்சும். ப்ரொடெக்ட் ஐட்டம் போட்டிருந்தா 4. மத்ததெல்லாம் போனதாக் கணக்கு வச்சுதான் உடுத்தணும்.

வில்டர்னஸ் லெவல் 20-க்கு மேல சாதா டெலிபோர்ட் (மாயமா இடம் மாறுறது) வேலை செய்யாது. சார்ஜ் உள்ள அமுலெட் ஆஃப் க்ளோரி 30 வரைக்கும் வேலை செய்யும். ஆனா டெலிபிளாக் (டெலிபோர்ட்டைத் தடுக்கும் மந்திரம்) அடிச்சா க்ளோரியும் கழுத்தில் ஒரு அலங்காரம்தான். ஆள் வந்தா நின்னு அடிச்சுப் பார்க்கலாமேன்னு யோசிக்கிற அந்த நொடியிலதான் டெலிபிளாக் விழும். மினிமேப்ல வெள்ளைப் புள்ளி தெரிஞ்சதுமே கிளம்பிடணும். பையில பாதி நிறைஞ்சதும் பேங்க் போயிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம். முழுப்பை 28-ம் நிறையட்டும்னு ஆசைப்பட்டா சாகிறப்போ நட்டமும் முழுசா இருக்கும்.

#20 வடக்குவீதி
உந்தப் பச்சை டிராகன் இடத்துக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. வெனிசுவேலாவில பணவீக்கம் தலைகீழா ஆக்கின நேரத்தில, கன பேர் அங்க நிண்டு எலும்பும் தோலும் சேர்த்து, காசை வெளியில டொலருக்கு வித்துத்தான் சாப்பிட்டவை. 2017-ல அவையைத் தேடிக் கொல்லுறதுக்கெண்டே ரெடிட்டில ஒரு வழிகாட்டி வந்து பெரிய சர்ச்சையாப்போச்சு. உள்ளுக்குள்ள இருக்கிற தங்கக் காசுக்கு வெளியில விலை இருக்கிறவரை இது நிக்காது.

ஆனா வாங்குறவைக்குச் சொல்றன்: வெளித்தளத்தில காசு வாங்கிறது விதிமீறல், கணக்கு போயிடும். காசைத் தந்து கணக்கையே திருடுறவையும் உண்டு. உண்மைப் பணம் செலவழிக்கத்தான் வேணுமெண்டால் பாண்ட் வாங்கி ஜி.இ.யில வியுங்கோ. அது மட்டும்தான் அனுமதிச்ச பாதை.

#21 கணக்குப்பிள்ளை
பாண்ட் பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு. பாண்ட் புதுக் காசை உண்டாக்காது. ஒருத்தர் உண்மைப் பணத்துல வாங்கிய பாண்டை இன்னொருத்தர் தன் தங்கத்தைக் கொடுத்து வாங்குறார். தங்கம் கை மாறுது, அவ்வளவுதான். புதுக் காசு பிறக்கிறது ஆல்க்ல, மான்ஸ்டர் போடுற நாணயத்துல, கடைக்காரன்கிட்ட விற்கிறதுல. ஒவ்வொரு பிளேட்பாடி ஆல்க்குக்கும் 39,000 காசு ஒண்ணுமில்லாததுல இருந்து பிறக்குது.

அதுக்கு ஈடா எரிக்கிற அடுப்பும் வேணும். மர அறுவை ஆலையில மகோகனிப் பலகைக்கு ஒண்ணுக்கு 1,500, தேக்குக்கு 500, ஓக்குக்கு 250. வீடு கட்டுறவங்க எவ்வளவு எரிக்கிறாங்கன்னு இதுல பார்க்கலாம். ஜி.இ. வரியும் அப்படித்தான்: வசூலான காசுல ஒரு பங்கை வச்சு ஆட்டமே சந்தையில இருந்து பொருள்களை வாங்கி அழிக்குது. கோட்டைவாசல் சொன்ன அந்த வெளிய போற வாசல், நிர்வாகமே திறந்து வச்சது.

ஒரே அடுக்குல 2,14,74,83,647 காசுக்கு மேல வைக்க முடியாது. அதுக்கு மேல சேர்ந்தவங்க 1,000 காசுக்கு ஒண்ணுன்னு பிளாட்டினம் டோக்கன் ஆக்கிடுவாங்க.

#22 மண்குதிரை
அந்த அளவுக்கு எனக்கு ஆசை இல்லைங்க, ஒரு பாண்ட் போதும். எத்தனை நாள் மெம்பர்ஷிப் வரும்?

#23 கணக்குப்பிள்ளை
14 நாள். விலை ஏறி இறங்கும். பேச்சுக்கு 1,40,00,000-னு வச்சா நாளைக்கு 10,00,000. மணிக்கு 1,00,000 தேத்துற இலவசக் கணக்குக்கு ஒரு பாண்ட் 140 மணி நேரம். என் கருத்து: முதல் மாசத்தைப் பணம் கட்டி வாங்கிட்டு, அந்த மாசத்துல ஃபார்மிங், ஸ்லேயர் ஏத்தி, ரெண்டாம் மாசத்துல இருந்து பாண்டுக்கு உழைக்கிறது நேரத்துக்கு நல்லது. வீம்புக்கு இலவசத்துல இருந்தே பாண்ட் எடுக்கணும்னா எடுக்கலாம், கூடாதுன்னு இல்லை.

வாங்குறப்போ கவனம்: பாண்டை ஜி.இ.யில வாங்கினதும் அது விற்க முடியாத பாண்ட் ஆயிடும். திரும்ப விற்கக்கூடியதா மாத்த அதோட விலையில 10% கட்டணும். "மலிவா இருக்கு, வாங்கி வச்சு அப்புறம் விற்போம்"ங்கிற கணக்கு பாண்டுல ஓடாது.

#24 தோட்டக்காரன்
ஜி.இ. வாசல்ல "காசைக் கொடு, ரெட்டிப்பாத் தர்றேன்"னு கத்துறவங்களைப் பார்த்தா நின்னுகூடப் பார்க்காதீங்க. முதல்ல 10,000 வாங்கி 20,000 தருவாங்க, நிஜமாவே தருவாங்க. 10,00,000-க்கு வந்ததும் ஆள் லாக் அவுட். வியாபாரத் திரை ரெண்டு. ரெண்டாவது திரையில எண்ணோட கமாவை எண்ணி, பொருள் பேரை எழுத்துக்கு எழுத்து படிச்சுட்டுத்தான் ஒப்புக்கொள்ளணும். அவசரப்படுத்துற ஆள்னா அதுவே பதில்.

#25 மண்குதிரை
சரி, என் திட்டம்: மாட்டுத்தோல்ல கொஞ்சம் சேர்த்து, சூப்பர்ஹீட் போட்டு 55, அப்புறம் டி'ஹைட் பாடியும் அடமன்ட் பிளேட்பாடியும். மொபைல்ல ஆல்க் அடிக்க விரல் வலிக்குமே, அதுக்கு வழி இருக்கா?

#26 கோட்டைவாசல்
நோட் ஆக்கின (சீட்டா மாத்தின) அடுக்கையே ஆல்க் பண்ணலாம், தனித்தனியா எடுக்க வேணாம். மேஜிக் புத்தகத்துல ஹை ஆல்க் சின்னம் எங்க இருக்கோ, பையில அதே இடத்துல அந்த அடுக்கை வைங்க. ஒரே இடத்துல ரெண்டு தட்டு: ஒண்ணு மந்திரத்துக்கு, இன்னொண்ணு பொருளுக்கு. கை நகரவே வேண்டாம்.

அந்த இடத்துக்குப் பக்கத்துக் கட்டங்கள்ல விலை கூடின எதையும் வைக்காதீங்க, விரல் தவறினா போனது திரும்பாது. செட்டிங்ஸ்ல ஆல்க் எச்சரிக்கைக்கு ஒரு மதிப்பு வரம்பு இருக்கு. டி'ஹைட் பாடி ஆல்க் பண்றப்போ அதை 10,000-ல நிறுத்துங்க, 4,680-க்கு எச்சரிக்கை வந்து வேலையைத் தடுக்காது, தப்பா வேற ஏதாவது மாட்டினா நிறுத்தும். ரூன் பிளேட்பாடிக்குப் போறப்போ வரம்பை அதுக்குத் தக்கபடி ஏத்திக்கோங்க. இல்லைன்னா ஒவ்வொரு தட்டுக்கும் "நிச்சயமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.

#27 மண்குதிரை
மூணு இடத்துல நேச்சர் ரூன் ஒண்ணு, டி'ஹைட் ஒண்ணு, அடமன்ட் ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி போட்டுட்டுப் படுக்கிறேன்.

#28 கணக்குப்பிள்ளை
ராத்திரி போடுறதா இருந்தா சந்தையோட கீழ் விலைக்கு 1 காசு மேல போட்டுட்டுப் படுங்க, உடனே வாங்குற விலைக்குப் போடாதீங்க. காலையில எழுந்ததும் முதல்ல பழைய விலையை மறந்துட்டு நேச்சர் ரூன் என்ன விலைன்னு பாருங்க, அது 40 காசு ஏறியிருந்தா டி'ஹைட் லாபம் பாதியாயிருக்கும்.